மிதிவண்டி நம்முடையதாவது எப்போது?

தெம்பனிஸ்வாசிகளுக்கு மிதிவண்டியைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிங்கப்பூரில் நடைபாதையில் மிதிவண்டி ஓட்ட முதன்முதலாகச் சட்டப்படி இடங்கொடுத்த நகரம் நம்முடையது. அது 2010ஆம் ஆண்டில். அதே ஆண்டு சிங்கப்பூரில் நடந்த முதல் இளையர் ஒலிம்பிக் போட்டிகளின் பிஎம்எக்ஸ் பந்தயமும் தெம்பனிஸ் மிதிவண்டிப் பூங்காவில்தான் நடைபெற்றது. (புதிய குடியிருப்புகளுக்காக அந்தப் பூங்கா 2014இல் மூடப்பட்டது.) காலையில் எம்ஆர்டி நிலையத்திற்கு, மாலையில் சந்தைக்கு, ஞாயிற்றுக்கிழமை பிடோக் நீர்த்தேக்கத்திற்கு என்று நம் மக்கள் மிதித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். மகிழ்ச்சி!

ஆனால் நண்பர்களே, உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள மிதிவண்டி நிறுத்துமிடத்தில் ஒருநாள் சற்று நின்று பாருங்கள். காற்று இறங்கித் தரையோடு ஒட்டிக் கிடக்கும் சக்கரங்கள். செம்பழுப்பாய்த் துருவேறிய சங்கிலிகள். வெயிலில் வெடித்துப்போன இருக்கைகள். கூடைக்குள் யாரோ போட்டுவிட்டுப் போன காலிக் குவளைகள். சில வண்டிகளில் அறிவிப்புச் சீட்டு ஒன்றும் தொங்கும்: இன்ன தேதிக்குள் உரியவர் எடுக்காவிட்டால் அப்புறப்படுத்தப்படும். பள்ளிக்குச் செல்லும் வழியில் இத்தகைய வண்டிகளை நாள்தோறும் பார்க்கிறேன். அவற்றுள் பல உடைந்துபோனவை அல்ல. ஒரு பஞ்சர் ஒட்டப்படாதவை. சில சொட்டு எண்ணெய் கிடைக்காதவை. அவ்வளவுதான்.

பாதை போட்டாயிற்று. நிறுத்துமிடம் கட்டியாயிற்று. ஓட்டவும் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால், பழுது பார்க்க மட்டும் வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை. இந்தக் குறையை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு, தமிழில் பேசிக்கொண்டே தீர்த்துக்கொள்ள வேண்டும். இதுவே நான் இங்குச் சொல்ல வருவது. தொடக்கப்பள்ளித் தமிழாசிரியருக்கு எண்ணெய்ப் பிசுக்கில் என்ன வேலை என்று வியப்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

யாருக்கும் சொந்தமில்லாத வண்டி

2017ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பகிர்வு மிதிவண்டிகள் மஞ்சளும் ஆரஞ்சுமாய் நம் தெருக்களில் வந்து இறங்கின. கைத்தொலைபேசியால் திறந்து, வேண்டிய இடம்வரை ஓட்டி, நினைத்த இடத்தில் விட்டுச் செல்லலாம் என்ற வசதி அனைவரையும் கவர்ந்தது. ஓராண்டிற்குள் என்ன ஆயிற்று? புதருக்குள் வண்டி, கால்வாய்க்குள் வண்டி, நடைபாதையின் குறுக்கே வண்டி. 2018 ஜூன் மாதத்தில் ஓபைக் நிறுவனம் சிங்கப்பூரில் தன் சேவையை நிறுத்தியது. அதன் பின்னர் உரிமம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே இயங்கலாம் என்றும், ஓட்டி முடித்தவர் நிறுத்துமிடத்தில் உள்ள கியூஆர் குறியீட்டை வருடினால்தான் பயணம் முடிந்ததாகக் கொள்ளப்படும் என்றும் ஒழுங்குமுறை வந்தது.

அந்த வண்டிகள் மோசமானவை என்று நான் சொல்லவில்லை. காற்றே தேவைப்படாத கெட்டி டயர்கூடச் சிலவற்றில் இருந்தது. ஆனால் ஓட்டியவர் யாரும் அந்த வண்டியைத் தம்முடையது என்று எண்ணவில்லை. ஒரு பொருளை நம்முடையதாக்குவது அதற்குக் கொடுத்த விலையன்று. அதைப் பேணும் பழக்கம். பணம் கொடுத்து வாங்கிய வண்டியையும் பேணாமல் விட்டால், அதுவும் யாருக்கும் சொந்தமில்லாத வண்டிதான். கீழ்த்தளத்தில் ஒரு பூட்டு மட்டும் போட்டிருக்கிறது.

2020ஆம் ஆண்டு கொவிட் பெருந்தொற்றின்போது உலகெங்கும் மிதிவண்டிக்குப் பெரும் தேவை ஏற்பட்டது. கடைகளில் வண்டி இல்லை. சங்கிலிக்கும் பற்சக்கரத்திற்கும்கூடக் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று அவ்வளவு ஆசையோடு வாங்கிய வண்டிகளில் எத்தனை இன்று ஓடுகின்றன? பதிலை உங்கள் கீழ்த்தளத்திலேயே காணலாம்.

கடைக்காரர் எதற்கு இருக்கிறார்?

இப்படிக் கேட்கும் பெற்றோர் உண்டு. நியாயமான கேள்வி. சக்கரத்தின் கோட்டம் எடுப்பது, பெடல் அச்சின் உட்பகுதியைக் கழற்றிப் பால்ரஸ் மாற்றுவது, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக்கைச் சீர்செய்வது ஆகியவை கடைக்காரரின் வேலைகள். அதற்குரிய கருவியும் பல்லாண்டுப் பழக்கமும் அவரிடம் உள்ளன. அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஆனால் வண்டிகள் சாவது பெரிய பழுதினால் அல்ல. திங்கட்கிழமை டயரில் காற்று இறங்குகிறது. கடை இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி இருக்கிறது. வண்டியை உருட்டிக்கொண்டு போக வேண்டும். வார இறுதியில் பார்க்கலாம் என்கிறோம். வார இறுதியில் துணைப்பாட வகுப்பு, உறவினர் திருமணம், மழை. மூன்று வாரம் கழிகிறது. காற்றில்லாத டயர் மடிந்து ஓரம் வெடிக்கிறது, சங்கிலி துருப்பிடிக்கிறது. பத்து நிமிட வேலை இப்போது பெரிய செலவாகிவிட்டது. புதிய வண்டியே வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. சிறிய பழுதுக்கும் கடைக்கும் இடையே உள்ள அந்தத் தொலைவில்தான் நம் வண்டிகள் துருப்பிடிக்கின்றன.

இன்னொன்று, பாதுகாப்பு. பொதுப் பாதைகளில் ஓட்டப்படும் மிதிவண்டிக்கு இயங்கும் கை பிரேக் ஒன்றேனும் இருக்க வேண்டும் என்பது 2021 செப்டம்பரிலிருந்து சட்டம். இருட்டிய பின் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கோ ஒளிதிருப்பியோ வேண்டும். ஆனால் சட்டம் வந்து தினமும் நம் பிள்ளையின் பிரேக்கை அழுத்திப் பார்க்குமா? பார்க்க வேண்டியவர் வீட்டில் இருப்பவர். சிறிது காலம் சென்றபின் அந்தப் பிள்ளையே.

மாதம் ஒரு மணி நேரம்

நான் வலியுறுத்துவது நான்கே வேலைகள். மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம் போதும்.

1) காற்று. டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று அடிக்கலாம் என்பது பிஎஸ்ஐ அளவில் அச்சிடப்பட்டிருக்கும். பலர் இதைப் படித்ததே இல்லை. தடித்த மலைமிதிவண்டி டயருக்கும் மெல்லிய சாலைமிதிவண்டி டயருக்கும் இந்த அளவு வெகுவாக வேறுபடும். விரலால் அழுத்திப் பார்த்து முடிவு செய்யாமல், அளவுமானி உள்ள பம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காற்றுக் குறைந்த டயர் மேட்டின் விளிம்பில் மோதினால் டியூப் ரிம்முக்கு இடையில் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். பாம்புக்கடி என்று இதற்குப் பெயர்! பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

2) பிரேக். கைப்பிடியை இறுக அழுத்திப் பாருங்கள். அது ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டால் கம்பி தளர்ந்திருக்கிறது என்று பொருள். அழுத்தும் கைப்பிடிக்கு அருகில் விரலாலேயே திருகக்கூடிய ஒரு சிறு உருளை பெரும்பாலான வண்டிகளில் உண்டு. அதை வெளிப்பக்கமாகச் சில சுற்றுத் திருகினால் கம்பி இறுகும். பின்பு பிரேக் கட்டையைப் பாருங்கள். அதில் உள்ள பள்ளங்கள் மறைந்திருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கட்டை டயரை உரசக்கூடாது. ரிம்மை மட்டுமே பற்ற வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாயின் தட்டின்மேல் ஒரு துளி எண்ணெயும் படக்கூடாது; பட்டால் பிரேக் பிடிக்காது.

3) சங்கிலி. நம் ஊர் ஈரக்காற்றும் மழையும், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காப் பக்கம் போய்வந்தால் கடல் உப்பும், சங்கிலிக்குப் பகை. பழைய துணியால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றித் துடைத்தெடுங்கள். ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, சில சுற்றுச் சுற்றி, வெளியே மிஞ்சிய எண்ணெயை மீண்டும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும்; வெளியே இருந்தால் மண்ணைச் சேர்க்கும். பலர் டபிள்யூடி-40 அடித்துவிட்டு வேலை முடிந்ததென எண்ணுகின்றனர். அது 1953இல் அமெரிக்காவில் ஈரத்தை வெளியேற்றித் துருவைத் தடுப்பதற்காக உருவானது. துருப்பிடித்ததை இளக்க உதவும். சங்கிலிக்கு நிலையான எண்ணெய் ஆகாது.

சங்கிலி தேய்ந்ததா என்பதை அறிய அடிக்கோல் போதும். ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவரை அரை அங்குலம். எனவே 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டிருந்தால் தேய்மானம் அரை விழுக்காடு, சங்கிலியை மாற்றிவிடலாம். மூன்று மில்லிமீட்டர் நீண்டிருந்தால் ஒரு விழுக்காடு. பின்சக்கரப் பற்களும் தேய்ந்திருக்கக்கூடும். சங்கிலியை உரிய காலத்தில் மாற்றினால் பற்சக்கரச் செலவு மிச்சம். தொடக்கநிலை ஐந்தில் விழுக்காடு படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல கணக்கு எங்கே கிடைக்கும்?

4) பஞ்சர். சக்கரத்தைக் கழற்றி, நெம்புகோல் இரண்டைக் கொண்டு டயரின் ஒரு பக்கத்தை ரிம்மிலிருந்து எடுத்து, டியூபை உருவுங்கள். காற்றடித்து, ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் ஓட்டை. அதைக் குறித்து, துடைத்து உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிச் சில நிமிடம் காயவிட்டு, ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். காயும்வரை பொறுக்காமல் ஒட்டுவதாலேயே பல ஒட்டுகள் பிடிப்பதில்லை. டியூபை மீண்டும் போடுவதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒருமுறை தடவிப் பாருங்கள். குத்திய கண்ணாடித் துண்டோ மெல்லிய கம்பியோ அங்கேயே இருந்தால் ஐந்தே நிமிடத்தில் மறுபடியும் பஞ்சர்!

இதற்குத் தேவையானவை: பம்ப், இரண்டு நெம்புகோல், பஞ்சர் ஒட்டும் பெட்டி, ஆலன் சாவிகள், ஒரு ஸ்பேனர், சங்கிலி எண்ணெய், பழந்துணி. ஒரு குறிப்பு மட்டும் நினைவில் இருக்கட்டும். திருகுகள் எல்லாம் வலப்பக்கம் சுற்றினால் இறுகும், இடப்பக்கம் சுற்றினால் தளரும். இடது பெடல் மட்டும் நேர்மாறு. மிதிக்கும்போது தானாகக் கழன்றுவிடாதிருக்க அதன் மறை அப்படி வெட்டப்பட்டிருக்கிறது. இதை அறியாமல் பலங்கொண்ட மட்டும் தவறான பக்கம் திருகி மறையைக் கெடுப்பவர்கள் பலர்.

புதிய பாகம் எப்போது வாங்குவது?

வண்டியைத் தொடத் தொடங்கியவுடன் அதை மேம்படுத்தும் ஆசையும் வரும். இணையத்தில் எதை வேண்டுமானாலும் இரவோடிரவாக வாங்கிவிடலாம். இங்குதான் நிதானம் வேண்டும்.

என் வரிசை இது: முதலில் பிரேக் கட்டையும் கம்பியும், அடுத்து டயர், அதன் பின் விளக்கு, பிறகு உடலுக்கேற்ற இருக்கை. இந்த நான்கும் ஒவ்வொரு பயணத்திலும் உணரத்தக்க மாற்றத்தைத் தருபவை, நாமே மாற்றக்கூடியவை. கியர் தொகுதி கடைசியில் வரட்டும். கியர் சரியாக மாறவில்லை என்பவர்களின் வண்டியைப் பார்த்தால், பெரும்பாலும் கம்பி துருப்பிடித்திருக்கும், அல்லது தளர்ந்திருக்கும். சில வெள்ளியில் தீரும் குறைக்குச் சில நூறு வெள்ளியில் தீர்வு தேட வேண்டுமா?

கியர் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உலகெங்கும் மிதிவண்டிகளில் நாம் காணும் ஷிமானோ என்ற பெயர் ஜப்பானின் சக்காய் நகரத்தது. அந்நிறுவனம் வெளிநாட்டில் தன் முதல் தொழிற்சாலையை அமைத்தது நம் சிங்கப்பூரில், ஆண்டு 1973. அதன் பின்னர் 1984இல், விரலால் தட்டினால் 'டக்' என்று அடுத்த பல்லுக்கு மாறும் முறையை அது அறிமுகம் செய்தது. அதற்கு முன்பு ஓட்டுபவர் நெம்புகோலை நகர்த்தி, காதால் கேட்டு, சங்கிலி அமர்ந்ததா என்று தாமே உணர வேண்டும். அந்த 'டக்' ஓசை சரியான இடத்தில் விழுவது கம்பியின் இழுவிசையைப் பொறுத்தது. எனவேதான் கம்பி தளர்ந்தால் கியர் தடுமாறுகிறது. காரணம் தெரிந்தவர் ஒரு திருகில் சரிசெய்வார்; தெரியாதவர் பாகத்தை மாற்றுவார்.

மின்மிதிவண்டி வைத்திருப்போர்க்கு ஒரு சொல். மோட்டாரையும் மின்கலத்தையும் தொடாதீர்கள். 250 வாட் ஆற்றல், மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிடுதல் ஆகியவை இங்குச் சட்டத்தின் வரம்புகள். வேகத்தைக் கூட்டும் மாற்றம் எதுவும் குற்றம். அதைவிட முக்கியமானது, தரமில்லாத மின்கலம் வீட்டிற்குள் தீயை வரவழைக்கும். டயரும் சங்கிலியும் பிரேக்கும் நம் வேலை. மின்சாரம் நம் வேலையன்று.

கைக்கு ஒரு மொழி

இனி, தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கு வருகிறேன்.

வாய்மொழித் தேர்வில் பிள்ளைகள் காணொளியைப் பார்த்துவிட்டு உரையாட வேண்டும். நல்ல பிள்ளைகள், நன்றாகப் படிப்பவர்கள். ஆனால் ஒருவர் ஒரு வேலையைச் செய்யும் காட்சி வந்தால் அவர்களுடைய வாக்கியங்கள் எல்லாம் 'செய்கிறார்' என்ற ஒரே சொல்லில் போய் நிற்கின்றன. ரிப்பேர் செய்கிறார். கிளீன் செய்கிறார். ஃபிக்ஸ் செய்கிறார். பெயர்ச்சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்விக்கலாம். வினைச்சொற்கள் அப்படி வருவதில்லை. அவை கையின் வழியாக வருபவை.

ஒரு பஞ்சர் ஒட்டும்போது எத்தனை வினைகள் என்று எண்ணிப் பாருங்கள்: கழற்று, நெம்பு, உருவு, அமிழ்த்து, துடை, உலர்த்து, தேய், தடவு, ஒட்டு, அழுத்து, செருகு, மாட்டு, இறுக்கு, முடுக்கு, சுற்று, தளர்த்து. ஒரு வாளித் தண்ணீரைச் சுற்றிப் பதினாறு வினைச்சொற்கள்! 'இறுக்கு' என்பதற்கும் 'அழுத்து' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் கரும்பலகையில் அரை மணி நேரம் விளக்கலாம். ஸ்பேனரைப் பிடித்த கை அதை ஒரு நொடியில் புரிந்துகொள்ளும்.

டயர், டியூப், பெடல், வால்வு என்ற சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவை நம் பேச்சில் கலந்துவிட்ட சொற்கள். தமிழ்நாட்டு மிதிவண்டிக் கடைகளில் வண்டியை முழுதும் பிரித்துச் சீர்செய்வதை 'ஓவராயில்' என்பார்கள். ஓவர்ஹால் என்ற ஆங்கிலச் சொல், எண்ணெய் போடும் வேலை என்பதால் ஆயிலோடு கலந்து, புதுச்சொல்லாகப் பிறந்திருக்கிறது. உழைக்கும் மக்கள் மொழியை இப்படித்தான் வாழவைக்கிறார்கள். பாகத்தின் பெயர் ஆங்கிலமாக இருந்தாலும் வாக்கியம் தமிழாக இருந்தால் மொழி வாழும்.

இதில் அவசரம் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள இந்தியர்களில் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010இல் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர். 2020இல் அது 28 விழுக்காட்டிற்கும் சற்றுக் குறைவு. பள்ளியில் நாங்கள் முடிந்ததைச் செய்கிறோம். ஆனால் சாப்பிட்டாயா, படித்தாயா, தூங்கு என்ற மூன்று வாக்கியங்களுக்கு மேல் வீட்டில் தமிழ் பேசுவதற்குப் பொருள் வேண்டுமே! பிள்ளையும் பெற்றோரும் ஒரே பொருளைக் கையால் தொட்டு, ஒன்றாகச் சிக்கலைத் தீர்க்கும் ஒரு மணி நேரம் அந்தப் பொருளைத் தருகிறது.

எங்கள் புளோக்கின் கீழே ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கைந்து பிள்ளைகள் சூழ்ந்து நின்றனர். டியூபை ஒரு சிறுவனிடம் நீட்டி, "கன்னத்துகிட்ட வச்சுப் பாரு தம்பி, எங்க சில்லுன்னு காத்து அடிக்குதோ அங்கதான் ஓட்டை" என்றார். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளை அவன். கன்னத்தில் வைத்து மெல்ல நகர்த்தியவன், "இங்க! இங்க அடிக்குது அண்ணே!" என்று கூவினான். 'சில்லென்று' என்ற சொல்லை அவன் இனி மறக்கமாட்டான். அந்த இளைஞர் தம்மை ஆசிரியர் என்று எண்ணியிருக்க மாட்டார். ஆனால் அன்று அங்கே நல்ல பாடம் ஒன்று நடந்தது.

மிதிவண்டியையும் மொழியையும் சேர்த்துக் கற்பிக்கும் எண்ணம் புதியதன்று. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளோடு பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரும் ஊக்கம் தந்தார். பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றனர். இதழாளர் பி. சாய்நாத் எழுதியதன் வழியாக அந்நிகழ்வு உலகறிந்தது. எழுதப் படிக்கத் தெரிவதும், தானே ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு புறப்படத் தெரிவதும் ஒரே விடுதலையின் இரு பக்கங்கள் என்று அந்த இயக்கம் கண்டுகொண்டது. நம் பிள்ளைகளுக்கு ஓட்டத் தெரியும். வழியில் நின்றுபோன வண்டியைத் தானே ஓடவைக்கத் தெரிவது அடுத்த படி.

இடமில்லை, நேரமில்லை, அழுக்கு!

இம்மூன்றும் நான் அடிக்கடி கேட்கும் மறுமொழிகள்.

இடம்: வீவக வீட்டின் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. அதை மீறச் சொல்லவில்லை. பழைய நாளிதழை விரித்து வரவேற்பறையிலேயே செய்யலாம். கீழ்த்தளத்தில் ஓர் ஓரமாகவும் செய்யலாம். முடித்தபின் இடத்தைத் துடைத்துவிடுவதும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

நேரம்: மாதம் ஒரு மணி நேரம் கேட்கிறேன். அதே நேரத்தில் விழுக்காடு, விகிதம், வினைச்சொல் மூன்றும் படித்தாகிறது. முன்னால் 44 பல், பின்னால் 11 பல் என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் எத்தனை முறை சுற்றும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். நான்கு என்று சொல்வதோடு நிறுத்தாமல், சுண்ணக்கட்டியால் டயரில் கோடு போட்டு எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். துணைப்பாட வகுப்பில் இது கிடைக்காது.

அழுக்கு: உண்மைதான். சவர்க்காரம் எதற்கு இருக்கிறது? ரைட் சகோதரர்கள் 1892இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை வைத்துப் பழுது பார்த்தவர்கள். 1903இல் வானூர்தியில் பறந்த கைகள், சங்கிலி எண்ணெய் பட்ட கைகள். எல்லாப் பிள்ளையும் விமானம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று கழற்றிப் பார்க்கும் துணிவு எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும்.

அச்சமுள்ளவர்களுக்கு உதவியும் உண்டு. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்டினே போஸ்ட்மா தொடங்கிய பழுதுபார்ப்புக் கூடங்களின் வழியில், சிங்கப்பூரிலும் 2014இல் ரிப்பேர் கோப்பித்தியாம் என்ற முயற்சி தோன்றியது. பழுதான பொருளைக் கொண்டுவருபவருக்குத் தொண்டூழியர் சரிசெய்து கொடுப்பதோடு நிற்காமல், சரிசெய்யக் கற்றுக்கொடுப்பதே அதன் நோக்கம். நம் சமூக மன்றங்களிலும் தமிழ் அமைப்புகளிலும் இதே வழியில் மிதிவண்டிக்கென ஒரு காலைப்பொழுதை ஒதுக்கினால் என்ன? ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் பட்டிமன்றமும் கதைசொல்லலும் இருக்கட்டும். கூடவே நான்கு வாளித் தண்ணீரும் பத்துப் பஞ்சரான டியூப்களும் இருக்கட்டும். பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்களா இல்லையா என்று பாருங்கள்!

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மிதிவண்டிக் கடையொன்றில் பணியாற்றிய ஷெல்டன் பிரவுன் என்பவர், தமக்குத் தெரிந்த அத்தனையையும் இணையத்தில் எளிய மொழியில் எழுதி வைத்தார். 2008இல் அவர் மறைந்துவிட்டார். அவர் எழுதியவை இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. அவற்றுள் என்னைக் கவர்ந்தது, மிதிவண்டிச் சொற்களுக்கென்றே அவர் தொகுத்த அகராதி. பழுது பார்ப்பவர் ஒருவர் அகராதி எழுத வேண்டும் என்று நினைத்தார் பாருங்கள்! கருவிக்கும் சொல்லுக்கும் உள்ள உறவை அறிந்தவர் அவர். தமிழில் அத்தகைய தொகுப்பை நம் வீடுகளே தொடங்கலாம்.

பெற்றோர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு காலைப்பொழுதை இதற்காக ஒதுக்குங்கள். தாத்தா வீட்டில் இருந்தால் அவரையும் அழையுங்கள். அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரிந்ததைவிட மிகுதியாகவே இருக்கும். ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: காற்று அடிப்பதோ, சங்கிலி துடைப்பதோ. ஸ்பேனர் பிள்ளையின் கையில் இருக்கட்டும். உங்கள் கை பின்னால் இருக்கட்டும். செய்துமுடித்த பின் பிரேக்கை நீங்கள் ஒருமுறை சோதித்துவிட்டு, பிறகு அவனையோ அவளையோ ஓட்ட அனுப்புங்கள்.

உங்கள் வீட்டில் மிதிவண்டிப் பாகங்களையும் வேலைகளையும் எந்தச் சொற்களால் குறிப்பிடுகிறீர்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள். தஞ்சாவூர்ச் சொல், யாழ்ப்பாணச் சொல், மலேசியத் தோட்டத்துச் சொல், எதுவாயினும் சரி. தொகுத்து என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்புகிறேன்.